இருட்டில் எலியைக் கேட்கும் கூகை: வாழிடத்திற்கேற்ப மாறிய காதுகள்

கெடாவின் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி பொருத்தப்பட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது கூகைக்கான கூடு. லயத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆந்தையின் அலறல் கெட்ட சகுனம். தோட்டத்துக்கோ அது சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கும் காவலாளி. இப்பறவையை மலாய் மொழியில் 'புங்குக் ஜெலாப்பாங்' என்பார்கள். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். கெடா மாநிலத்திற்கும் அதே பட்டம்தான்.

பகலில் கூகையைக் காகம் வென்றுவிடும் என்கிறது 481ஆம் குறள். இரவில் கதை வேறு. துளி வெளிச்சம் இல்லாத இடத்திலும் சத்தத்தை மட்டும் வைத்துக் கூகையால் எலியைப் பிடிக்க முடியும். அந்தத் திறமையில் அதன் உட்செவிக்கும் முக்கியப் பங்கு உண்டு.

உட்செவிக்கு இரண்டு வேலைகள்

உட்செவி மண்டையோட்டு எலும்புக்குள் பத்திரமாக இருக்கும் உறுப்பு. அதன் ஒரு பகுதி நத்தை ஓடு போலச் சுருண்ட குழல். நத்தைச்சுருள் எனப்படும் இது கேட்பதற்கானது. மற்றொரு பகுதி மூன்று அரைவட்டக் குழல்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் இவற்றில் உள்ள திரவம் அசைந்து, உடல் தடுமாறாமல் இருக்க உதவும். இரண்டு பகுதிகளிலும் நுண்ணிய மயிரணுக்கள் அந்த அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன.

இந்த அடிப்படை மீன் காலத்திலிருந்தே வருவது. வாழும் இடமும் இரை தேடும் முறையும் மாறமாற, அதே உறுப்பு ஒவ்வொரு விலங்கிலும் வேறு வடிவம் எடுத்தது.

தோட்டத்தில்

பறவைகளின் கேட்கும் குழல் நம்முடையதைப் போல் சுருண்டிருக்காது, சற்றே வளைந்திருக்கும். கோழிக்கு அதிலுள்ள கேட்கும் பரப்பின் நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். கூகைக்கோ 11 மில்லிமீட்டருக்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்ட இடம் 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. சருகில் எலி ஓடும் மெல்லிய சரசரப்பு இந்த எல்லைக்குள் வருகிறது.

பாம்புக்குச் செவிப்பறை இல்லை. ஆனால் உட்செவி உண்டு. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக அங்கே போய்ச் சேரும். ஆகவே பாம்புக்குக் காது கேட்காது என்பது பாதி உண்மைதான். தாழ்ந்த ஒலிகள் அதற்கு எட்டும்.

குகையிலும் காட்டிலும்

சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் வாழும் குதிரைலாட வௌவால்கள், தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே பூச்சி பிடிக்கின்றன. அவற்றின் நத்தைச்சுருளில் பெரும்பங்கு அந்த ஒரே அலைவரிசைக்காக விரிந்திருக்கிறது. டுரியான், பெத்தாய் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் குகைத் தேன் வௌவாலுக்கு அந்தத் தேவை இல்லை. அது கண்ணையும் மூக்கையும் நம்புகிறது.

உலு மூடா காட்டு யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்ளக்கூடியவை. மனிதனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் கேட்பது அரிது. ஆசிய யானை 17 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அமெரிக்க ஆய்வாளர் கேட்டி பெய்ன் 1984இல் ஆசிய யானைகளிடம் இந்த ஒலியைக் கண்டறிந்தார்.

கிளைக்குக் கிளை தாவும் குரங்கினங்களுக்கு, உடல் எடையோடு ஒப்பிட்டால் அரைவட்டக் குழல்கள் பெரியவை. மெல்ல ஊர்ந்து நகரும் தேவாங்குக்கு அவை சிறியவை. அதனால்தான் எலும்பு மட்டும் கிடைத்த பழங்கால விலங்கும் எப்படி நடமாடியிருக்கும் என்பதை ஆய்வாளர்களால் ஊகிக்க முடிகிறது.

நீரில்

தோட்டத்துக் கால்வாயில் பிடிபடும் கெளுத்திக்கு வெளியே காது தெரியாது. ஆனால் அதன் காற்றுப்பையிலிருந்து உட்செவிக்குச் சிறு எலும்புகள் சங்கிலி போல் செல்கின்றன. காற்றுப்பை செவிப்பறையின் வேலையைச் செய்கிறது. லங்காவி கடலில் காணப்படும் ஓங்கில்களின் அரைவட்டக் குழல்களோ வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. நீரில் உருண்டு புரளும்போது தலைசுற்றாமல் இருக்கவே அப்படிச் சுருங்கின என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

நமக்கு ஒரு பாடம்

பறவைகளுக்கு அழிந்த மயிரணுக்கள் மீண்டும் வளரும். வயதான கூகையும் இளம் கூகை போலவே கேட்கிறது என 2017இல் ஜெர்மன் ஆய்வு ஒன்று காட்டியது. மனிதனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு காதில் சுமார் 15,000 மயிரணுக்கள், போனால் போனதுதான்.

புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமப்பவர்களும் ஆலை இரைச்சலில் நிற்பவர்களும் இதை மறக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, நாளொன்றுக்கான சராசரி அளவு 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்சார் நோயாகக் கருதி சொக்சோவில் இழப்பீடு கோரலாம். ஆனால் இழப்பீட்டால் போன காது திரும்பாது. காதடைப்பான் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கூகையின் காதையும் காப்பது நம் கையில்தான். கடுமையான எலி விஷத்தை உண்ட எலியைத் தின்றால் கூகையும் சாகும். அதன் பிறகு தோட்டத்தில் எலியைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.