விளையாட்டுக்கும் பாடபேதம் உண்டு

மாணவ நண்பர்களே, வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைப்பது நம் வழக்கம். பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். சென்ற விடுமுறையில் என் பேரனும் அவன் கல்லூரித் தோழன் ஒருவனும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கூடத்தில் அமர்ந்து வாதிட்டுக் கொண்டிருந்தனர். மூலத்தில் இருந்த நயம் புதிய பதிப்பில் இல்லை என்றான் ஒருவன். மூலமே கைக்குக் கிட்டாதபோது கிட்டிய பதிப்பைப் போற்றுவதே முறை என்றான் மற்றவன். பழந்தமிழ் நூல் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள் போலும் என்று மகிழ்ந்து அருகே சென்றேன். அவர்கள் பேசியது மெட்டல் கியர் என்னும் ஜப்பானிய வீடியோ விளையாட்டுத் தொடரைப் பற்றி!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆயினும் கேட்கக் கேட்க, அவர்கள் எழுப்பிய வினாக்கள் வரலாற்று ஆசிரியன் எழுப்ப வேண்டிய வினாக்களே என்பது புலனாயிற்று. மூலம் எது? படி எது? படியெடுத்தவர் எதை மாற்றினார்? ஏன் மாற்றினார்? மாற்றத்தால் இழந்தது யாது? இந்த வினாக்களைத் துணைக்கொண்டு அந்த விளையாட்டின் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

1986 ஆம் ஆண்டில் ஹிடியோ கொஜிமா என்னும் இளைஞர் ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எம்.எஸ்.எக்ஸ். 2 என்னும் வீட்டுக் கணிப்பொறிக்குப் போர் விளையாட்டு ஒன்று அமைக்கும் பணி அவரிடம் வந்தது. போர் என்றால் வீரர் பலர் வேண்டும். குண்டுகள் பறக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறியின் ஆற்றலோ சிறிது. திரையில் நகரும் சிறு உருவங்கள் 32-க்கு மேல் இருத்தல் இயலாது. கிடைக்கோடு ஒன்றில் 8-க்கு மேல் வந்தால் மிகுந்தவை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். நான்கு வீரரும் சில குண்டுகளும் ஒரே வரிசையில் வந்தால் போர்க்களமே பாதி காணாமற் போகும்!

இந்தக் குறையைக் கண்டு கொஜிமா பணியைக் கைவிடவில்லை. குறையையே வழியாக்கிக் கொண்டார். போரிட முடியாவிட்டால் போரிடாமல் செல்வோம் என்று கருதினார். சிறைமுகாமிலிருந்து வீரர்கள் தப்பிச் செல்வதைக் காட்டும் தி கிரேட் எஸ்கேப் என்னும் 1963 ஆம் ஆண்டுத் திரைப்படம் அவர் நெஞ்சில் இருந்தது. தனி ஒருவன் பகைவர் கோட்டைக்குள் நுழைகிறான். காவலர் நேரே பார்க்கும் திசையில் அவன் நின்றால் அகப்படுவான். பார்வைக்கு அப்பால் நின்றால் தப்புவான். அகப்பட்டபோது காவலர் தலைக்கு மேல் ஒரு வியப்புக்குறி தோன்றும். கொல்வது திறமை அன்று, காணப்படாமல் கடப்பதே திறமை என்னும் இலக்கணம் இவ்வாறு உருவாயிற்று. 1987 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள் விளையாட்டு வெளிவந்தபோது அதை அமைத்தவருக்கு வயது இருபத்துமூன்றே.

மெட்டல் கியர் என்பது கதையில் வரும் ஓர் ஆயுதத்தின் பெயர். அது கால் கொண்டு நடக்கும் பீரங்கி வண்டி. எவ்விடத்திலிருந்தும் அணுகுண்டு ஏவ வல்லது. அதை அழிப்பதே சாலிட் ஸ்நேக் என்னும் வீரனின் கடமை. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் கண்ட நாட்டில் பிறந்த விளையாட்டு, அணு ஆயுதத்தைத் தன் பகையாகக் கொண்டது வியப்பன்று.

இனிப் பாடபேதத்திற்கு வருவோம். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதுவோர் கை பிழைத்தாலும், தம் கருத்தைச் சேர்த்தாலும், பாடம் வேறாகிவிடும் என்பதை நம் பதிப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள். மெட்டல் கியருக்கு அந்த நிலை பிறந்த ஆண்டிலேயே நேர்ந்தது. 1987 இறுதியில் நிண்டெண்டோ பொறிக்கென ஒரு படி வந்தது. அதைச் செய்தது வேறொரு குழு. கொஜிமாவுக்கு அதில் பங்கில்லை. மூலத்தில் வீரன் நீருக்கடியில் நீந்திக் கோட்டையை அடைகிறான். படியில் வானக்குடையில் காட்டில் இறங்குகிறான். இது சிறு மாற்றம். பெரிய மாற்றம் ஒன்று உண்டு: படியின் முடிவில் மெட்டல் கியர் தோன்றுவதே இல்லை, அதற்குப் பதிலாக ஒரு கணிப்பொறியை உடைக்க வேண்டும்! பெயருக்குரிய பொருள் இல்லாத அந்தப் பாடத்தையே 1988 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சிறுவர்கள் மூலம் என்று நம்பி விளையாடினார்கள்.

அந்தப் படி நன்கு விற்றமையால், கொஜிமா அறியாமலே ஸ்நேக்ஸ் ரிவெஞ்ச் என்ற தொடர்ச்சி ஒன்று ஆயத்தமாயிற்று. அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் ரயில் பயணத்தில் கொஜிமாவைக் கண்டு செய்தியைச் சொன்னதோடு, உண்மையான தொடர்ச்சியை நீங்களே செய்ய வேண்டும் என்றும் கூறினாராம். பயணம் முடிவதற்குள் கதையின் கரு அமைந்துவிட்டது என்பர். அதன் பயனே 1990 ஆம் ஆண்டின் மெட்டல் கியர் 2. காவலர் பக்கவாட்டிலும் பார்ப்பர்; ஓசையும் கேட்பர்; வீரன் தவழ்ந்து செல்லலாம். இத்தனை வளர்ச்சி பெற்ற அந்த விளையாட்டு அப்போது ஜப்பானில் மட்டுமே வெளியாயிற்று. ஆங்கிலத்தில் முறையான பதிப்பு வருவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஸ்நேக் ஈட்டரின் விரிந்த பதிப்பாகிய சப்சிஸ்டன்ஸில் அது இணைக்கப்பட்டது.

1998 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் பொறியில் மெட்டல் கியர் சாலிட் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதில் ஒரு சுவையான இடம். மெரில் என்னும் பெண்ணுடன் வானொலியில் பேச வேண்டும். அலைவரிசை எண் குறுந்தட்டு உறையின் பின்புறத்தில் உள்ளது என்று ஒரு பாத்திரம் கூறுகிறது. கதைக்குள் கையில் இருக்கும் தட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தும் எண் கிட்டாது. கடையில் வாங்கிய உறையை, நம் கையில் இருக்கும் அந்த உறையைத் திருப்பிப் பார்த்தால் 140.15 என்ற எண் தெரியும்! உறை இல்லாமல் கம்பி வழியாக இறக்கிக் கொள்ளும் இக்காலத்துப் பதிப்பில் இந்த நயம் எங்ஙனம் நிற்கும்? நூலின் அட்டையும் நூலின் உறுப்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அடுத்தது 2001 நவம்பரில் வந்த சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி. அவ்வாண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், பேருருவான போர்க்கலம் ஒன்று மன்ஹாட்டனில் மோதும் இறுதிக் காட்சி நீக்கப்பட்டது. எனவே இன்று நாம் காணும் பாடத்திலேயே அவ்வாண்டின் துயரம் ஒரு வெற்றிடமாகப் பதிந்துள்ளது. அந்த விளையாட்டின் பொருளும் எண்ணத்தக்கது. பெருகிவரும் செய்திக் குவியலில் எதை வருங்காலத்திற்கு விடுவது, அதை யார் தீர்மானிப்பது என்பதே அதன் கேள்வி.

2004 ஆம் ஆண்டின் ஸ்நேக் ஈட்டர் 1964 ஆம் ஆண்டில், பனிப்போர்க் காலச் சோவியத் நாட்டில் நிகழ்கிறது. வீரன் ஓர் ஆற்றைக் கடக்கும் கட்டம் அதில் உண்டு. அதுவரை அவன் கையால் மாண்டவர் அனைவரும் ஆவிகளாக எதிரே நடந்து வருவர். பலரைக் கொன்றவனுக்கு ஆறு நெடியது. எவரையும் கொல்லாமல் வந்தவனுக்கு எளிது. இறுதியில் தன்னை வளர்த்த ஆசானையே சுட வேண்டிய நிலை வருகிறது. அப்போது கதை தானே ஓடாது. ஆடுபவர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். கதையைப் படித்தவர் இரங்குவர். படமாகக் கண்டவர் கண் கலங்குவர். ஆடியவரோ நானே செய்தேன் என்று உணர்வர். ஆகவே கதையை எழுதி வைத்தால் மட்டும் இதைக் காத்தவர் ஆகோம். ஆடும் நிலையில் காத்தாலன்றிக் காத்தது ஆகாது.

இங்கேதான் இடர். இந்தக் கலை பொறியோடு பிறந்து பொறியோடு மடிவது. நூறாண்டுக்கு முந்திய நூலைத் திறந்தால் படிக்கலாம். இருபதாண்டுக்கு முந்திய தட்டை இன்றைய பொறி ஏற்காது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

மெட்டல் கியருக்கு இவ்வகையில் நல்லூழ் உண்டு. 2011 ஆம் ஆண்டில் எச்.டி. கலெக்‌ஷன், 2013 ஆம் ஆண்டில் லெகஸி கலெக்‌ஷன் என்று தொகுப்புகள் வந்தன. எனினும் 2021 நவம்பரில் ஒரு தடை நேர்ந்தது. ஸ்நேக் ஈட்டர் முதலிய விளையாட்டுகளில் உண்மையான வரலாற்று ஆவணப்படத் துண்டுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதாகக் கூறிக் கொனாமி நிறுவனம் அந்த விளையாட்டுகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. வரலாற்றை மெய்யாகக் காட்ட விரும்பிச் சேர்த்த படமே விளையாட்டை மறைத்த விந்தையைப் பாருங்கள்!

2023 அக்டோபர் 24 ஆம் நாள் மாஸ்டர் கலெக்‌ஷனின் முதல் தொகுதி வெளிவந்தது. எம்.எஸ்.எக்ஸ். மூலங்கள் இரண்டும், பெயருக்குரிய பொருள் இல்லாத அந்த நிண்டெண்டோ பாடமும், ஸ்நேக்ஸ் ரிவெஞ்சும், சாலிட் வரிசையின் முதல் மூன்றும் அதில் இடம்பெற்றன. பிழைபட்ட பாடத்தையும் ஒதுக்காமல் சேர்த்தமை பதிப்பு நெறிக்கு உகந்ததே. இன்று சிலர் கண்ணுக்குப் பழமையாகத் தோன்றக்கூடிய பகுதிகளையும் ஆக்கியோன் கருத்தை மதித்து அவ்வாறே விட்டிருப்பதாக ஒரு முன்னுரையும் வைத்தனர். இதுவும் நன்றே.

ஆயினும் ரசிகர்கள் வாளா இருக்கவில்லை. இரண்டாம் மூன்றாம் விளையாட்டுகளைப் பழைய மூலத்திலிருந்து எடுக்காமல் 2011 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தது ஏன் என்று கேட்டனர். இக்காலப் பொறிகள் இருந்தும் படத்தின் நுட்பம் பழைய அளவிலேயே நின்றது ஏன் என்றனர். நொடிக்கு 60 படமாக ஓடியது நிண்டெண்டோ ஸ்விட்சில் 30 ஆனது ஏன் என்றும் குறை கூறினர். கணினிப் பதிப்புக்கு ரசிகர்களே ஒரு திருத்தம் எழுதிப் பொதுவில் வைத்தனர். நிறுவனமும் பின்னர்த் திருத்தங்களை வெளியிட்டது.

மற்றொரு வாதம் என் நெஞ்சைத் தொட்டது. பிளேஸ்டேஷன் 2-இன் பொத்தான்கள் விரலின் அழுத்தத்தை அளந்து அறிவன. பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி குறி பார்க்கும்; சட்டென்று விட்டால் குண்டு பாயும்; மெல்ல விட்டால் சுடாமலே தாழும். பகைவனைப் பிடித்திருக்கும்போது மெல்ல அழுத்தினால் அவன் பிடியில் இருப்பான். ஓங்கி அழுத்தினால் உயிர் இழப்பான். கொலைக்கும் கருணைக்கும் இடையே இருந்தது விரல்நுனியின் மென்மை ஒன்றே. பின்னர் வந்த பொறிகள் பலவற்றில் அழுத்தம் அறியும் பொத்தான் இல்லை. ஆகவே அந்த வேலைக்கு வேறொரு பொத்தானைச் சேர்த்து அமைத்தனர். செயல் நடக்கிறது, ஆனால் நயம் போயிற்று. இதைத்தான் என் பேரன் அன்று அத்தனை உருக்கத்தோடு சொல்லிக் கொண்டிருந்தான்.

புதுக்கி அமைப்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2004 ஆம் ஆண்டில் முதல் சாலிட் விளையாட்டை ட்வின் ஸ்நேக்ஸ் என்ற பெயரில் வேறொரு நிறுவனத்தின் துணையோடு புதிதாக அமைத்தனர். அடுத்த விளையாட்டின் வசதிகளை அதில் புகுத்தியதால் பழைய தடைகள் எளியவாகிவிட்டன என்பது ரசிகர் பலர் கருத்து. 2015 ஆம் ஆண்டில் கொஜிமா கொனாமியை விட்டு நீங்கினார். அவர் இல்லாமலே 2025 ஆகஸ்டில் ஸ்நேக் ஈட்டரின் புத்துருவம் வெளியாயிற்று. படம் புதிது, நடிகர் குரலோ 2004 ஆம் ஆண்டில் பதிந்தது. ஆக்கியோன் இல்லாதபோது பழைய குரலை மாற்றாமல் விட்டது பணிவு என்பர் சிலர். துணிவின்மை என்பர் வேறு சிலர்.

இவ்விரு தரப்பினருள் யார் பக்கம் நியாயம்? என் தீர்ப்பைக் கேட்டுப் பிள்ளைகள் இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். புதுக்குதல் குற்றமன்று, புதியவர் உள்ளே வர அது வாயிலாகும். ஆனால் வாயில் கட்டுவதற்காக வீட்டை இடித்தல் ஆகாது. மூலம் மூலமாகவே ஓரிடத்தில் கிட்ட வேண்டும். மாற்றியவை மாற்றியவை என்று சொல்லப்பட வேண்டும். அதன்பின் எத்தனை புதுப்பதிப்பு வரினும் நன்மையே. குறை கூறும் ரசிகரை முணுமுணுப்போர் என்று தள்ளிவிடலாகாது. ஒரு பொத்தானின் மென்மையையும் ஓர் உறையின் எண்ணையும் நினைவில் வைத்திருக்கும் அவர்கள், கூலியின்றி உழைக்கும் பதிப்பாசிரியர்கள்.

மாணவர்களே, உங்கள் காலத்துப் பொருள்களே நாளைய வரலாற்றுச் சான்றுகள். நீங்கள் விரும்பும் பாட்டோ படமோ விளையாட்டோ மறுபதிப்பாக வரும்போது, எந்த மூலத்திலிருந்து எடுத்தனர், எதை விட்டனர் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் பழைய தட்டோ உறையோ கிடந்தால், பயனற்றது என்று எறியுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் ஓர் எண் இருக்கக்கூடும்.