பி ஃபார்ம் வருமா?

ஒற்றைத் தாள்தான். ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட அரசியல்வாதியின் தூக்கத்தையே கெடுத்துவிடும். அதன் பெயர் பி ஃபார்ம். ‘இன்னார்தான் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி எழுதித் தருகிற கடிதம். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரி கைக்குப் போய்ச் சேரணும். வந்தால் கட்சிச் சின்னம். வராவிட்டால்? முப்பது வருஷம் கொடி பிடித்திருந்தாலும் நீங்கள் வெறும் சுயேச்சை!

இந்தத் தாளின் மகிமை தெரிய, தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்துக்குப் போகணும். ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகிற ஊர். 2006ல் இங்கே ஜெயித்த தி.மு.க.வின் பெரியண்ணன் 2009ல் காலமானார். 2010 ஜனவரியில் நடக்க இருந்த இடைத்தேர்தல் தள்ளிப்போய், மார்ச் 27ல் நடந்தது.

காலி நாற்காலி. ஏட்டளவில் யார் வேண்டுமானாலும் ஆசைப்படலாம். நடந்தது என்ன? தி.மு.க., பெரியண்ணனின் மகன் இன்பசேகரனை நிறுத்தியது. பா.ம.க. நிறுத்தியது தமிழ்க்குமரனை. இவர் 1996, 2001 இரண்டு தேர்தலிலும் இதே தொகுதியில் ஜெயித்த ஜி.கே.மணியின் மகன். அப்போது கட்சியின் தலைவரும் மணிதான்.

இன்பசேகரனுக்கு 77,669 வாக்குகள். தமிழ்க்குமரனுக்கு 41,285. அ.தி.மு.க.வின் அன்பழகன் 26,787 வாங்கி டெபாசிட் இழந்தார். முதல் இரண்டு இடமும் மகன்களுக்கே!

வாரிசு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 2016ல் இதே பென்னாகரத்தில் பா.ம.க.வின் முதல்வர் வேட்பாளரான அன்புமணியையே தோற்கடித்தார் இன்பசேகரன். ஆள் சோடையில்லை.

என் கேள்வி வேறு. தமிழ்க்குமரனுக்கு, தான் 36,384 வாக்கில் தோற்றோம் என்று தெரியும். அதே தொகுதியில் சீட் கேட்டுக் கிடைக்காத கட்சிக்காரருக்கு என்ன தெரியும்? பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார். நேர்காணலில் ‘எவ்வளவு செலவு பண்ணுவீங்க?’ என்பதற்கும் பதில் வைத்திருப்பார். பிறகு பட்டியல் வரும். அதில் இவர் பெயர் இருக்காது. எத்தனை ஓட்டில் தோற்றார்? கணக்கே கிடையாது. பி.காம். படித்த எனக்கு இதுதான் உறுத்துகிறது. வரவு உண்டு, ரசீது உண்டு, பேலன்ஸ் ஷீட் மட்டும் இல்லை.

அமெரிக்காவில் இதற்குத்தான் ‘பிரைமரி’ வைத்தார்கள். கட்சி வேட்பாளர் யார் என்பதற்கே மக்கள் ஓட்டுப் போடுவார்கள். அங்கே வாரிசு இல்லையா? உண்டு. ஆனால் 2000ல் முன்னாள் அதிபரின் மகன் புஷ், நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கெய்னிடம் உதை வாங்கி, மற்ற மாநிலங்களில் மீண்டு வந்துதான் வேட்பாளர் ஆனார். அப்பா பெயரோடு ஓட்டும் தேவைப்பட்டது. அங்கே பணம் விளையாடாமல் இல்லை. ஆனாலும் தோற்றவருக்குக் கையில் ஒரு எண்ணிக்கை மிஞ்சுகிறது.

நம்மூரில் 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் இதை முயன்று பார்த்தது. பழக்கமாகவில்லை.

2024 மக்களவைத் தேர்தலைப் பாருங்கள். அதே தருமபுரி. சிட்டிங் எம்.பி. செந்தில்குமாருக்கு தி.மு.க. மறுபடி சீட் தரவில்லை; வழக்கறிஞர் ஆ.மணிக்குக் கொடுத்தது. பா.ம.க. முதலில் அரசாங்கம் என்பவரை அறிவித்தது. அன்றைக்கே பெயர் மாறியது. வந்தவர் அன்புமணியின் மனைவி சௌமியா. கடைசியில் மணி 21,300 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த 21,300ஐ எண்ண எத்தனை மேஜை, எத்தனை ஏஜெண்ட், எத்தனை போலீஸ்! காலையில் வேட்பாளராக இருந்தவர் இரவுக்குள் இல்லாமல் போனாரே, அதை யார் எண்ணினார்கள்?

ஓட்டுச்சாவடியில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். உண்மைதான். ஆனால் யார் யாரிலிருந்து என்பதை, நமக்கு முன்பே யாரோ தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.