பம்பாய் ஈரானிக் கடைகளின் உள்ளமைப்பு

பம்பாயின் பழைய ஈரானித் தேநீர்க் கடையொன்றில் நுழைந்தவர்கள் பளிங்குக்கல் மேசைகளையும், கருமை ஏறிய வளைமர நாற்காலிகளையும், சுவரெங்கும் பெரிய நிலைக்கண்ணாடிகளையும் கண்டிருப்பார்கள். அழகு கருதி மட்டும் எழுந்த அமைப்பன்று அது. சிக்கனமே அதற்கு முதற்காரணம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி யஸ்த், கெர்மான் முதலிய பாரசீகப் பகுதிகளினின்று பிழைப்புத் தேடி வந்தோர் நிறுவிய கடைகள் இவை. தெருமுனை ஆகாதென்று உள்ளூர் வணிகர் ஒதுக்கியமையால் அவ்விடங்கள் இவர்களுக்கு எளிதில் கிட்டின என்பர். முனையென்றால் இரு தெருக்களுக்கும் வாயில் வைக்கலாம்; காற்றும் வெளிச்சமும் செலவின்றி வரும். கல்லாவில் அமர்ந்த முதலாளி கண்ணாடியிலேயே கடை முழுவதையும் காண்பார்.

நாற்காலியின் கதை இன்னும் சுவையானது. வியன்னாவில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட், மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, 1859-இல் தம் 14-ஆம் எண் நாற்காலியை வெளியிட்டார். ஆறே துண்டுகள், பத்துத் திருகாணிகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 அடங்கும். அவ்வகை நாற்காலி கப்பலேறிப் பம்பாய்க்கு வந்ததில் வியப்பென்ன?

ஆனால் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. பல உணவுச்சாலைகள் சாதி பார்த்துப் பந்தி வைத்த காலத்தில், ஆலைத் தொழிலாளியும் வழக்கறிஞரும் இங்கே ஒரே பளிங்கு மேசையில் தேநீர் அருந்தினர். குடும்பத்துடன் வருவோர்க்குத் தடுப்பறைகளும் இருந்தன.

முன்பு நூற்றுக்கணக்கில் இருந்த இக்கடைகள் இன்று மிகச் சிலவே. 1904-இல் தோன்றிய கயானியும் 1923-இல் தோன்றிய பிரிட்டானியாவும் அவற்றுட் சேர்ந்தவை.