சீமென் வட்டம்

சீனாவின் அன்ஹூய் மாகாணத் தெற்கிலுள்ள மலை வட்டம். ஹுவாங்ஷான் நகர நிர்வாகத்தின் கீழ் வருகிறது. உலகச் சந்தையில் ‘கீமுன்’ என விற்கும் கருந்தேயிலை இங்கிருந்து வருவதே. நிலத்தில் பெரும்பங்கு மலை, வயல் சொற்பம். அந்நாளில் தேயிலை விற்ற காசில்தான் வெளியூர் அரிசி வாங்கியாக வேண்டியிருந்தது.

தாங் அரசுக்கு எதிரான ஒரு கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 766-இல், அண்டை வட்டங்களின் பகுதிகளைப் பிரித்து சீமென் உருவாக்கப்பட்டது. தேயிலை மலையிறங்க இருந்த வழி ஆறு ஒன்றே. அதன் பாறை இடுக்குகளில் படகுகள் நொறுங்கின. வட்ட அதிகாரி லூ மின் அந்த நீர்வழியைச் சீராக்கினார். அப்பணியைப் பற்றி 862-இல் எழுதிய சாங் தூ, இவ்வட்டாரத்தில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் தேயிலையால் பிழைத்ததாகக் குறிக்கிறார். உணவு, உடை, வரி எல்லாமே அதிலிருந்துதான். பின்னாளில் அதே ஆற்றில் பீங்கான் செய்யும் கல்லும் ஜிங்தேஷென் சூளைகளுக்குப் போனது.

ஆனால் அந்த நூற்றாண்டுகளில் விளைந்தது கருந்தேயிலை அன்று. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தேயிலை விற்ற ஊர், இன்று தன் பெயரைத் தாங்கும் சரக்கைச் செய்யத் தொடங்கியது சுமார் 1875-இல்தான். ஃபூஜியனில் பதவி இழந்து திரும்பிய யூ கான்சென் அங்கத்திய முறையைக் கொண்டுவந்தார் என்பது ஒரு கட்சி. உள்ளூர்த் தோட்டக்காரர் ஹு யுவான்லோங் முந்திக்கொண்டார் என்பது மறுகட்சி. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இறங்கியிருக்க வேண்டும். பச்சைத் தேயிலை விலை சரிந்த அந்நாளில், கருந்தேயிலை பக்கம் திரும்ப எவரும் வந்து சொல்லித்தரத் தேவையிருந்திராது.

வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, பிறகு பலமுறை சலித்துத் தரம் பிரிப்பது முறை. இதன் ரோஜா சாயல் கொண்ட மணத்துக்கு ஜெரானியால் என்ற வேதிப்பொருள் முக்கியக் காரணம்.

காலம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அசாம் முன்பே களத்தில் இருந்தது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, காப்பிச் செடிகளை நோய் அழித்தபின் மலையெங்கும் பரவியது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். இயந்திரத்தில் உருட்டிய அந்தச் சரக்கின் விலைக்கு, சிறு குடியானவர் கையால் உருட்டிய சீனத் தேயிலை ஈடுகொடுக்கவில்லை. மணத்தால் மட்டுமே சீமென் தாக்குப்பிடித்தது. 1915-இல் இங்கே அரசின் மாதிரித் தோட்டம் அமைந்தது. 1930களில் வேளாண் அறிஞர் வூ ஜுவேநோங் அங்கே பணியாற்றி, இடைத்தரகர் பிடியிலிருந்து விவசாயிகளை மீட்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்.

2022-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த சீனத் தேயிலைத் தயாரிப்பு முறைகளுள் சீமென் கருந்தேயிலையும் அடங்கும்.