நிழற்படத்தில் நாடக வழக்கு

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி ஆராய்ந்துவரும் முதுகலை மாணவர் ஒருவர், தம் கட்டுரையுடன் நிழற்படம் ஒன்றன் படியையும் இணைத்து எம்மிடம் கொணர்ந்தார். இலக்னோவில் உள்ள சிக்கந்தர் பாக் என்னும் மதில் சூழ்ந்த தோட்டத்து மாளிகை அப்படத்திற் காணப்படுகின்றது. சிதைந்த சுவர்கள், தூண்கள், முற்றமெங்கும் மண்டையோடும் விலாவெலும்புமாய்ச் சிதறிக் கிடக்கும் மனித என்புகள், அவற்றிடையே அசைவின்றி நிற்கும் இந்தியர் சிலர், ஒரு குதிரை. பெலீச் பியாட்டோ என்பார் எடுத்த படம் அது. அதன் அடியில் மாணவர், '1857 நவம்பர்ப் போரின் நேர்ச்சான்று' என்று எழுதியிருந்தார். எழுத்துச் சான்றுகளை ஒன்றுக்கு மூன்றாக ஒப்பிட்டு நோக்கிய அவர், இவ்வொன்றை மட்டும் ஆராயாது ஏற்றமை எமக்கு வியப்பளித்தது. காரணம் வினவியபோது, 'கருவி பொய் சொல்லுமா ஐயா?' என்றார். அவ்வினாவை ஒட்டி எழுந்ததே இக்கட்டுரை.

கருவி பொய் சொல்லாது என்பது ஓரளவிற்கு மெய்யே. தன் முன்னர் உள்ளதன் ஒளியைத்தான் அது பதிகின்றது. ஆயின், தன் முன்னர் உள்ளது தானே அமைந்ததா, ஒருவரால் அமைக்கப்பட்டதா என்பதை அஃது அறியாது. இவ்வேறுபாடு பிற்காலத்தார் கண்டுபிடித்த நுட்பம் அன்று. நிழற்படக் கலை உலகறிய வெளிப்பட்டு ஈராண்டு நிரம்புமுன்னரே, புனைந்து அமைத்த படம் ஒன்று தோன்றிவிட்டது.

பிரெஞ்சு நாட்டு நிதியமைச்சகத்தில் எழுத்தராக இருந்தவர் இப்போலித் பாயார். காகிதத்தின்மேல் நேரே படம் விழச்செய்யும் முறையொன்றைத் தம் முயற்சியாற் கண்டார். 1839ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் தம் படங்கள் 30ஐப் பாரிசில் மக்கள் காண வைத்தார். தாகேரின் முறை அவ்வாண்டு ஆகஸ்டில்தான் விளக்கமாக வெளியிடப்பட்டது. எனினும் அரசின் பரிசு தாகேருக்கே சென்றது. அவருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், அவருடன் உழைத்து மறைந்த நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் வழங்கப்பட்டன. பாயாருக்குக் கிடைத்தது கருவி வாங்க 600 பிராங்கு. 1840 அக்டோபரில் அவர் தம்மையே ஒரு படம் எடுத்தார். இடுப்புக்கு மேல் ஆடையின்றி, கண்கள் மூடி, தலை ஒருபுறம் சாய, நீரில் மூழ்கி இறந்த பிணமாக அதில் அமர்ந்திருக்கின்றார். படத்தின் பின்புறத்தில் நீண்டதொரு குறிப்பும் எழுதினார். தாகேருக்கு வாரி வழங்கிய அரசு, பாயாருக்கு ஒன்றும் செய்ய இயலாதெனக் கைவிரித்தமையால் அவ்வேழை நீரில் வீழ்ந்து மாண்டான் என்பதும், முகமும் கையும் கறுத்திருத்தல் உடல் அழுகத் தொடங்கியமையின் அடையாளம் என்பதும் அக்குறிப்பின் சாரம். முகமும் கையும் வெயிலிற் கறுத்தவை, அவ்வளவே. 'இறந்த' பாயார் 1887 வரை வாழ்ந்தார்.

இப்படத்தைப் பொய் என்பார் உளரோ? பிணம் தன்னைத்தானே படமெடாது என்பதனை யாவரும் அறிவர். தமக்கு நேர்ந்ததை முறையீடாக எழுதியிருப்பின் எவரும் திரும்பிப் பாரார் என்று கண்டு, பிணமாக நடித்து அதனைச் சொன்னார் அவர். சொன்ன செய்தி மெய். சொன்ன முறை புனைவு.

இத்தகைய முறைக்குத் தமிழ் நூலார் பெயரிட்டுள்ளனர். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனையும் பொருந்தியதே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியம். பல்வேறிடத்துச் சுவைபட நிகழ்வனவற்றை ஓரிடத்தே நிகழ்ந்தனபோலத் தொகுத்துக் கூறுதலே நாடக வழக்கு என்பது இளம்பூரணர் கருத்து. அகப்பாட்டின் தலைவனும் தலைவியும் ஊரும் பேரும் உடைய மாந்தர் அல்லர் என்பதனால் அப்பாட்டைப் பொய் என்று எவரும் தள்ளுவதில்லை. மேலைநாட்டு நிழற்பட வரலாற்றைக் காண ஈண்டு இக்கோட்பாட்டைத் துணைக்கொள்கின்றோம். அவர்கள் இதனை அறிந்து செய்தனர் என்பது எம் கருத்தன்று.

இளம்பூரணர் சொன்ன தொகுத்தலைச் சொல்லுக்குச் சொல் செய்து காட்டியவர் ஆஸ்கர் ரெய்லாண்டர். சுவீடனிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இவர், 1857இல் 'வாழ்வின் இரு நெறிகள்' என்னும் பெரும்படத்தைச் செய்தார். முதியவர் ஒருவர் இளைஞர் இருவரை வாழ்க்கையின் வாயிலில் நிறுத்துகின்றார். ஒருவன் கல்வி, உழைப்பு, அறம் என்னும் பக்கம் திரும்புகின்றான். மற்றவன் சூது, கள், காமம் என்னும் பக்கம் ஈர்க்கப்படுகின்றான். இக்காட்சி ஒருகாலத்தும் ஓரிடத்து நிகழவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்களில் தனித்தனியே எடுத்த உருவங்களை ஒரே படமாக இணைத்து அச்சிட்டார். அவ்வாண்டு மான்செஸ்டர்க் கலைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் படியொன்றை விலைக்கு வாங்கினார். ஸ்காட்லாந்தினரோ ஆடையற்ற உருவங்களைக் கண்டு முகஞ்சுளித்தனர். தீநெறிப் பாதியைத் திரையிட்டு மறைத்தே எடின்பரோவிற் காட்டினர் என்பர். ஓவியத்தில் ஆடையற்ற உருவங்களைப் போற்றிய கண்கள் நிழற்படத்திற் கூசியமை கருதத்தக்கது. ஓவியத்திலுள்ள பெண் யாரோ ஒருத்தி அல்லள். நிழற்படத்திலுள்ளவளோ எங்கோ ஓரூரில் வாழும் ஒருத்தி!

அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் வெளியிட்ட 'மங்கி மறைதல்' என்னும் படம் இதனை இன்னும் தெளிவாக்கும். எலும்புருக்கி நோயால் இறக்கும் இளம்பெண், சூழ்ந்திருக்கும் உறவினர், சாளரத்தின் பக்கம் முகந்திருப்பி நிற்கும் ஆடவர் என அமைந்த அப்படம் ஐந்து நெகடிவ்களின் சேர்க்கை. இறப்பவளாக நடித்த பெண் நலமுடன் இருந்தாள். ஆயினும் சாவீட்டின் தனிமைக்குள் நுழைந்து படமெடுத்தது கொடுமை எனக் கண்டோர் பலர் கடிந்தனர். நடிப்பென்று தெரிந்தபின் அவர்தம் மனம் ஆறவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று வருந்தினர். நாடக வழக்கை நிழற்படத்திற்கு வழங்க அக்காலத்தார் ஒருப்படவில்லை என்பது இவ்விரண்டு நிகழ்ச்சிகளாற் பெறப்படும்.

போர்க்களப் படங்களோ எதிர்மாறான வரலாறு உடையவை. ஆங்கே அமைத்ததை அமைத்ததென்று எவரும் சொல்லவில்லை, காண்போரும் ஐயுறவில்லை. அக்காலத்து ஈரக் கொலோடியன் முறையிற் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலருமுன் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். ஒளி பதியவும் பல நொடிகள் ஆகும். ஓடும் வீரனையும் வெடிக்கும் குண்டையும் எடுத்தல் இயலாது. போர் முடிந்தபின் எஞ்சிய அசையாப் பொருள்களே படமெடுப்பார்க்கு வாய்த்தன. அசையாப் பொருளை எடுத்து வைத்தல் எளிது.

1855 ஏப்ரலில் கிரிமியாவில் ரோஜர் பென்டன் எடுத்த 'மரண நிழற் பள்ளத்தாக்கு' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மனிதர் ஒருவரும் இல்லாத வறண்ட பாதையில் பீரங்கிக் குண்டுகள் இறைந்து கிடக்கின்றன. (டென்னிசன் பாடிய குதிரைப்படை பாய்ந்த பள்ளத்தாக்கு வேறு, பெயரொற்றுமையால் இரண்டனையும் ஒன்றாகக் கொண்டோர் பலர்.) இப்படத்திற்கு இணைப்படம் ஒன்றும் உண்டு. கருவி நின்ற இடம் அதுவே, காட்சியும் அதுவே, ஆனால் குண்டுகள் பாதையோரப் பள்ளத்திற் கிடக்கின்றன, பாதை வெறிதாக உள்ளது. இரண்டனுள் முந்தியது எது? வெற்றுப்பாதை முந்தியதாயின், படத்தின் பொருட்டுக் குண்டுகளை யாரோ பாதையிற் பரப்பினர் என்றாகும். குண்டுப்பாதை முந்தியதாயின், மீண்டும் பயன்படுத்த வீரர்கள் அவற்றைப் பொறுக்கிச் சென்றனர் எனலாம். பென்டனே குண்டுகளைப் பரப்பச் செய்தார் என்று சூசன் சொன்டாக் 2003இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அம்முடிபிற்குச் சான்று யாதென வினவி, எரால் மாரிஸ் என்னும் திரைப்பட இயக்குநர் கிரிமியாவிற்கே சென்றார்.

மாரிசின் ஆராய்ச்சி, ஏடு ஒப்புநோக்கிப் பதிப்பிப்பார் கருத்துடன் கற்க வேண்டியது. அவர் முன் இருந்தவை ஒரே பாட்டின் இரு பாடங்கள் போன்ற இரண்டு படங்கள். பென்டனின் மனம் எத்தகையது, நேர்மையாளரா அல்லரா என்னும் ஆராய்ச்சியை அவர் விலக்கினார். நிழலின் நீளத்தைக் கொண்டு நேரம் காண முயன்றனர். வல்லுநர் தம்முள் மாறுபட்டனர். இறுதியில் வழிகாட்டியவை எவரும் நோக்காத சிறு கற்கள். பாதையோரச் சரிவிற் கிடக்கும் சில கற்கள், வெற்றுப்பாதைப் படத்தில் மேலும், குண்டுப்பாதைப் படத்திற் சற்றே கீழும் காணப்பட்டன. நடமாடுவோர் காலிற்பட்ட கல் கீழ்நோக்கியே உருளும், சரிவில் ஏறாது. ஆகவே வெற்றுப்பாதையே முந்தியது என்பது துணிபு. சொன்டாக் சொன்ன வரிசை சரியாயிற்று. ஆனால் அதற்கு அடிப்படை இப்போதுதான் கிடைத்தது. குண்டுகளைப் பரப்பியவர் யார், என்ன கருதிப் பரப்பினர் என்பவற்றைக் கற்கள் சொல்லமாட்டா. அகச்சான்று எதுவரை செல்லுமோ அதுவரை சென்று நின்றமையே இவ்வாராய்ச்சியின் சிறப்பு என்பது எம் கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் செய்தது இதனினும் ஒரு படி கடந்தது. பாறைகளுக்கிடையே, கற்சுவரின் பின், துப்பாக்கி சாத்தியிருக்க, இளம் வீரன் ஒருவன் இறந்து கிடக்கின்றான். மறைந்திருந்து குறி தவறாமற் சுடும் பகைவீரன் அவன் என்பது 1866இல் கார்ட்னர் வெளியிட்ட தொகுதியிலுள்ள குறிப்பு. சில மாதங்கழித்துத் தாம் மீண்டும் சென்றபோது, எலும்புக்கூடும் துருவேறிய துப்பாக்கியும் அங்கேயே கிடந்தன என்றும் அவர் எழுதினார். ஏறத்தாழ நூறாண்டு இதனை நம்பினர். அதே உடல் வேறோர் இடத்திற் கிடக்கும் படங்களும் உள என்பதனை 1961இல் பிரெடரிக் ரே சுட்டினார். வில்லியம் பிரசானிட்டோ 1975இல் வெளியிட்ட நூலில், களத்தின் ஒவ்வொரு பாறையையும் படங்களோடு ஒப்பிட்டு, உடல் தூக்கிச் செல்லப்பட்டதை நிறுவினார். அத்துப்பாக்கியும் குறிவீரர் ஏந்தும் வகையினது அன்று.

ஈண்டு நம்மை உறுத்துவது எது? உடலை நகர்த்தியது ஒரு குற்றம். அது மாண்டோனுக்குச் செய்த குற்றம். வரலாற்றிற்குச் செய்த குற்றம் படத்தில் இல்லை, குறிப்பில் உள்ளது. புறநானூற்றுப் பாடல்களின் அடியிற் காணும் குறிப்புகளை நினைவுகூர்க. பாட்டு ஒருவருடையது, இன்னார் இன்னாரைப் பாடியது என்னும் குறிப்பு, தொகுத்தோரோ பின்னோரோ எழுதியது. பாட்டிற்கு உரிய மதிப்பை ஆராயாமற் குறிப்பிற்கும் அளித்தல் ஆகாதென ஆராய்ச்சியாளர் உணர்ந்துள்ளனர். நிழற்படத்திலோ குறிப்பு படத்துடன் ஒட்டிப் பிறந்ததுபோலத் தோன்றுதலின், கருவிக்குரிய நம்பிக்கை முழுவதும் குறிப்பிற்குச் சென்றுவிடுகின்றது. கார்ட்னர் ஓர் அகப்பாட்டைப் புனைந்து, அதன் அடியிற் புறக்குறிப்பு எழுதினார் என்று கூறின் பொருந்தும்.

குறிப்பே எழுதாது விட்டவர் ஒருவரையும் காண்போம். சிண்டி செர்மன் என்பார் அமெரிக்காவில் பபலோ நகரத்துக் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தவர். கட்டாயப் பாடமாக இருந்த நிழற்படத்தில் முதன்முறை தேறாது, மறுமுறை பயின்றார். (தேறாத தாள் ஒன்றினால் துறையே மாறிய மாணவர் நம்மிடையும் இலரோ?) மாணவராக இருந்து வெளியேறிய 1976ஆம் ஆண்டில், பேருந்துப் பயணிகள் பலராகத் தாமே வேடம் புனைந்து ஒரு வரிசைப் படங்கள் எடுத்தார். முகத்திற் கருமை பூசிக் கறுப்பின மக்களாகத் தோன்றிய படங்களும் அவற்றுள் உண்டு, அவை பின்னர்க் கண்டிக்கப்பட்டன, அக்கண்டனம் முறையானதே. புனைவென ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் எல்லாம் பொறுக்கப்படும் என்பதில்லை. 1977 முதல் 1980 வரை அவர் செய்த கறுப்பு வெள்ளைப் படங்கள், ஏறத்தாழ எழுபது, பழைய திரைப்படக் காட்சிகள் போன்றவை. எல்லாவற்றிலும் நாயகி அவரே. ஆனால் அத்தகைய திரைப்படம் எதுவும் இல்லை. படங்களுக்குப் பெயரில்லை, எண் மட்டும் உண்டு. சிலவற்றில் கருவியை இயக்கும் கம்பியும் மறைக்கப்படாது தெரிகின்றது. அகப்பொருளில் ஒருவர் பெயரும் சுட்டப்பெறாமை போல, இன்னாள் என்று சுட்டாமையால் அப்பெண் எவளாகவும் ஆகின்றாள். ராபின்சனுக்கு மறுக்கப்பட்ட நாடக வழக்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னர் மாணவப் பருவம் நீங்கிய ஒருவர் கையில் நிலைபெற்றது.

இனி இலக்னோவிற்கு மீள்வோம். சிக்கந்தர் பாக் போர் நிகழ்ந்தது 1857 நவம்பர் 16. பியாட்டோ இந்தியா வந்தது 1858இன் தொடக்கத்தில். இலக்னோவை அடைந்தது அவ்வாண்டு மார்ச்சில், நகர் மீண்டும் ஆங்கிலேயர் வசமான பின்னர். இடையில் நான்கு மாதம் கழிந்துள்ளது. அக்காலத்து இலக்னோவில் அலுவல் பார்த்த ஜார்ஜ் காம்பெலின் நினைவுக்குறிப்புகள் 1893இல் நூலாயின. குவிந்த உடல்கள் முன்னரே மூடப்பட்டிருந்தன என்றும், படமெடுப்பவர் வற்புறுத்தியதால் அவை மீண்டும் திறக்கப்பட்டன என்றும் அந்நூல் கூறுகின்றது. படத்துடன் வழங்கிவந்த ஆங்கிலக் குறிப்போ, கிளர்ச்சியாளர் 2,000 பேர் கொல்லப்பட்டபின் தோட்டத்தின் உட்புறம் என்கின்றது. 'பின்' என்னும் சொல் பொய்யன்று. எத்துணைக் காலம் பின் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

இவற்றைக் கேட்ட மாணவர், படத்தை நீக்கிவிடலாமா என்றார். வேண்டா என்றோம். போரைப் பற்றிய இயலிலிருந்து, வென்றோர் தம் வெற்றியைக் காட்டிய முறையைப் பற்றிய இயலுக்கு அதனை மாற்றினார். '1858இல், படமெடுத்தற்பொருட்டு வெளிக்கொணர்ந்த என்புகளுடன்' என்று புதுக்குறிப்பும் எழுதினார். பழைய ஆங்கிலக் குறிப்பில் தாக்கிய படைப்பிரிவுகளின் பெயர் உண்டு. படைத்தலைவர் பெயரும் உண்டு. என்புகளிடையே, கருவி நிற்கச்சொன்ன அளவும் நின்ற அந்த மனிதர்களின் பெயர் இல்லை. அவர்கள் யார், கூலிக்கு வந்தவரா, மாண்டோர்க்கு உறவினரா என்பதனை அவர் இப்பொழுது தேடிக்கொண்டிருக்கின்றார்.