கூரையில்லாக் கூட்டங்கள்

டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் இயங்குதளத்தை இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் அறிவித்தது 1993 ஆகஸ்ட் 16 அன்று. அதை உருவாக்கியவர்கள் முதல் மாநாடு கூட்டியது 2000 ஜூலையில், பிரான்சின் போர்தோ நகரில். நடுவே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் பல பதிப்புகள் வெளிவந்துவிட்டன, பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்துவிட்டார்கள், சமூக ஒப்பந்தம் எழுதப்பட்டுவிட்டது, சட்டதிட்டம் வகுக்கப்பட்டுவிட்டது, தலைவர் தேர்தல்கூட நடந்துவிட்டது. பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே ஒரு சிறு குடியரசை அவர்கள் நிறுவியிருந்தார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது உலகின் மாநாடுகள் எல்லாம் அரங்கத்தை விட்டு இணையத்துக்கு இடம்பெயர்ந்தன என்று எழுதப்படுகிறது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்களைப் பொறுத்தவரை அது இடப்பெயர்ச்சி அல்ல, ஊர் திரும்புதல். அவர்கள் பிறந்ததே இணையத்தில்தான். அரங்கமும் மேடையும் தேநீர் இடைவேளையும் அவர்களுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

அந்தப் பூர்வீக ஊரின் பெயர் ஐ.ஆர்.சி. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் 1988 ஆகஸ்டில் எழுதிய அரட்டை நிரல் அது. படம் இல்லை, குரல் இல்லை. வரி வரியாக எழுத்து மட்டும். ஒரு சேனலுக்குள் நுழைந்தால் அங்கிருக்கும் எல்லாரும் எழுதுவது எல்லாருக்கும் தெரியும். மெதுவான மோடம் இணைப்பே அதற்குப் போதும். புதிதாக லினக்ஸ் நிறுவத் தடுமாறுபவர்களுக்கு உதவ 1990களின் நடுவில் ஐ.ஆர்.சி.யில் ஒரு சேனல் திறக்கப்பட்டது. ராப் லெவின் என்பவர் அதைத் தனி வலையமைப்பாக வளர்த்தெடுத்தார். 2002 முதல் அதன் பெயர் ஃப்ரீநோட். அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குக் கட்டற்ற மென்பொருள் உலகின் ஊர்ச்சாவடியாக இருந்தது அதுதான். லெவின் 2006இல் சாலை விபத்துக்குப் பின் இறந்தார், ஆனால் சாவடி நிலைத்தது.

எழுத்து மட்டுமே ஓடும் ஒரு திரையில் வகுப்பு எடுக்க முடியுமா? உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சமூகம் எடுத்துக் காட்டியது. 2006 இறுதியில் ‘உபுண்டு திறந்த வாரம்’ தொடங்கியது. வாரம் முழுக்க, மணிக்கொரு பாடம். மொழிபெயர்ப்பில் எப்படிச் சேர்வது, வழுவை எப்படிப் பதிவது, மென்பொருளை எப்படிப் பொதி கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவரே ஆசிரியர். இதற்கென அவர்கள் வகுத்த முறை எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. இரண்டு சேனல்கள்: ஒன்று வகுப்பறை, அதில் ஆசிரியர் மட்டுமே எழுதுவார். மற்றொன்று பேச்சறை, அங்கே மாணவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கேள்வி கேட்க விரும்புபவர் வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கேள்வி’ என்று ஆங்கிலத்தில் குறியிட்டு எழுத வேண்டும். ஒருவர் அவற்றைப் பொறுக்கி வகுப்பறைக்குள் எடுத்துவருவார். பாடம் முடிந்ததும் உரையாடல் முழுவதும் கோப்பாகச் சேமிக்கப்படும். தூங்கிப்போனவர் மறுநாள் படித்துக்கொள்வார்.

பிற்காலத்து இணையக் கருத்தரங்குகளில் நாம் பார்த்த பல வசதிகளின் முதல் வடிவம் அந்த இரண்டு சேனல்களில் இருக்கிறது. பேச்சாளரின் இடத்தையும் பார்வையாளரின் இடத்தையும் பிரிப்பது, கேள்விகளைச் சலித்து எடுப்பது, எல்லாவற்றையும் பதிவாக வைப்பது ஆகிய மூன்றையும் காணொளி இல்லாத காலத்திலேயே பழகிவிட்டார்கள்.

இவ்வளவு இணையத்தில் முடியுமென்றால் டெபியன்காரர்கள் போர்தோவுக்கு ஏன் போனார்கள்? ஒரு காரணம் நடைமுறை சார்ந்தது. டெபியனில் முழு உரிமையுள்ள உறுப்பினராகச் சேர்பவரின் மறையீட்டுச் சாவியில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் கையொப்பமிட வேண்டும். அதற்கு நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, இவர் இவர்தான் என்று உறுதிசெய்வது வழக்கம். அதனாலேயே இவர்கள் கூடும் இடங்களில் ‘சாவிக் கையொப்ப விருந்து’ என்று ஒரு சடங்கு உண்டு: கடவுச்சீட்டை ஒரு கையிலும் சாவியின் எண் அச்சிட்ட தாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். இன்னொரு காரணம், எழுத்தில் வாரக்கணக்கில் நீளும் சண்டை ஒரே மேசையில் அரை மணியில் தீர்ந்துவிடும். மூன்றாவது காரணம் சாப்பாடு. 2005இல் ஹெல்சிங்கி மாநாட்டில் ஆளாளுக்குத் தம் ஊர்ப் பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் கொண்டுவந்து பகிர்ந்தார்கள். அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகிவிட்டது.

பெல்ஜியத்தில் 2001இல் தொடங்கிய ஃபாஸ்டெம் கூட்டமும் இப்படி வளர்ந்ததுதான். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் ஒரு சனி, ஞாயிறு. நுழைவுக் கட்டணம் கிடையாது, பெயர்ப்பதிவுகூடக் கிடையாது. எண்ணாயிரம் பேருக்கு மேல் வருவார்கள் என்கிறார்கள் அமைப்பாளர்கள்.

ஆனால் அரங்கத்துக்குள் போனபோதும் வெளியே நிற்பவர்களை அவர்கள் மறக்கவில்லை. 2000களின் நடுவிலேயே டெபியன் மாநாட்டு உரைகள் நேரலையில் போகத் தொடங்கிவிட்டன. கேமரா பிடிப்பது, ஒலி கலப்பது, காட்சி மாற்றுவது எல்லாம் தன்னார்வலர்கள். அரங்கில் ஒருவர் மடிக்கணினியில் ஐ.ஆர்.சி. சேனலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிரேசிலிலோ பெங்களூரிலோ இருந்து கேள்வி வந்தால் அவர் எழுந்து வாசிப்பார். விசா கிடைக்காதவரின் கேள்வியும் அந்த அறையில் ஒலித்தது.

2013இல் ஒரு திருப்பம். ஆண்டுக்கு இருமுறை ஏதாவதொரு நகரத்தில் கூடிவந்த உபுண்டு நிரலர்கள், நேர்க் கூட்டத்தையே நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனார்கள். முதல் இணைய உச்சிமாநாடு மார்ச் 5, 6 தேதிகளில் நடந்தது. பெருந்தொற்றுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்ட முடிவு இது. பயணச் செலவு இல்லை, ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, யாரும் வரலாம். எல்லாம் சரி, ஆனால் காணொளி ஓடியது கூகுளின் ஹேங்கவுட்ஸ் சேவையில். கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச, மூடிய மென்பொருளின் கூடத்தை இரவல் வாங்க வேண்டியிருந்தது. அன்று பலர் ஒரே திரையில் பேசி, அதை உலகுக்கே நேரலையாகவும் அனுப்ப, அவ்வளவு எளிதான கட்டற்ற கருவி கைக்கு எட்டவில்லை என்பதே உண்மை. ஆனாலும் அந்த உறுத்தல் நியாயமானது. கூடம் யாருடையதோ, அவர் விளக்கை அணைத்தால் கூட்டம் கலைந்துவிடும்.

அடுத்த ஏழு ஆண்டுகளில் கருவிகள் தேறின. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவர் எமில் இவோவ் 2003இல் தொடங்கிய ஒரு திட்டம் ஜிட்சி என்ற பெயரில் உலாவியிலேயே காணொளி உரையாடும் வசதியாக வளர்ந்தது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துவதற்காக 2007இல் பிறந்த பிக் ப்ளூ பட்டன் முதிர்ந்தது. ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத் தன்னார்வலர்கள் தங்கள் மாநாட்டுக்காக எழுதிய வாக்டோமிக்ஸ் என்ற காட்சிக்கலவை நிரலை டெபியன் காணொளிக் குழுவும் எடுத்துக்கொண்டது.

2020 மார்ச்சில் சோதனை வந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் லிப்ரேபிளானட் மாநாடு 14, 15 தேதிகளில் பாஸ்டனில் நடக்கவிருந்தது. சில நாட்கள் இருக்கும்போது அரங்கம் கைவிடப்பட்டது. அதே தேதிகளில், ஜிட்சியைக் கொண்டும் கட்டற்ற நேரலைக் கருவிகளைக் கொண்டும் இணையத்தில் நடத்தி முடித்தார்கள். எளிதில் கிடைக்கும் வணிகச் சேவை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தால் வேலை சுலபம், எடுக்கவில்லை.

அந்த ஆண்டின் டெபியன் மாநாடு இஸ்ரேலின் ஹைஃபாவில் நடப்பதாக இருந்தது. அரங்கம் இல்லை என்று உறுதியானதும் காணொளிக் குழு வேலையில் இறங்கியது. மே இறுதியில் ஒரு சிறு இணைய மாநாடு நடத்தி ஒத்திகை பார்த்தார்கள். அதில் கண்ட குறைகளைச் சரிசெய்து ஆகஸ்டுக்கு ஒரு முழு ஏற்பாட்டைக் கட்டினார்கள்: பேச ஜிட்சி, கலக்க வாக்டோமிக்ஸ், பதிவுகளைச் சீர்செய்ய எஸ்ரிவ்யூ, குறிப்பெழுத ஈதர்பேட், கேள்வி கேட்க வழக்கம்போல ஐ.ஆர்.சி. முன்பு அரங்கின் பின்வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்து காட்சி மாற்றிய தன்னார்வலர், இப்போது தன் வீட்டிலிருந்தே உலாவி வழியாக மாற்றுவதற்கு ஒரு புதிய முகப்பைச் சொந்தமாக எழுதினார்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருள். அமைப்புக் குறிப்புகளும் பொதுவில் இருந்தன. நாளை வேறொரு ஊரில் வேறொரு குழு அதை அப்படியே எடுத்துத் தன் கூட்டத்தை நடத்தலாம். ஒரு மாநாடு தன் அரங்கத்தின் கட்டட வரைபடத்தையும் செங்கல்லையும் சேர்த்துக் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். 80 நாடுகளிலிருந்து 850க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன.

அந்த மாநாட்டின் நிரலில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஆங்கிலம் தவிர இரண்டு மொழிகளில் தனி அரங்குகள். ஒன்று ஸ்பானிஷ், இரண்டு நாளில் எட்டு உரைகள். மற்றொன்று மலையாளம், மூன்று நாளில் ஒன்பது உரைகள். அரங்க வாடகையும் விமானச் செலவும் குறுக்கே நிற்காதபோது மொழிக்கும் இடம் கிடைத்தது. 2021 ஜனவரி 23, 24இல் இந்திய டெபியன் ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு சிறு மாநாட்டை இணையத்தில் கூட்டி, இந்திய மொழிகள் பலவற்றில் அமர்வுகள் நடத்தினார்கள். ஐரோப்பிய நேரத்துக்கு நடக்கும் கூட்டம் ஒன்றில் இரவு எட்டு மணி அமர்வு என்றால் சென்னையில் நள்ளிரவு ஆகிவிடும். வீட்டு நேரத்தில், வீட்டு மொழியில் கூடுவதன் அருமை கண் எரிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு மண் முன்பே பதமாக இருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. அதன் மாதாந்திரக் கூட்டங்கள் பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்தன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவோ ஞாயிறு மாலைகளில் ஜிட்சி வழியாக வாராந்திர உரையாடல் நடத்தும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. பெரும்பாலும் தமிழிலேயே பேச்சு. கல்லூரி மாணவர் தான் எழுதிய சிறு நிரலைக் காட்டலாம், வேலையில் இருப்பவர் அந்த வாரம் கற்றதைச் சொல்லலாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெருநகரக் கருத்தரங்குகளுக்குப் பேருந்து பிடித்து வர முடியாதவர்களுக்கு இப்படி ஒரு மணி நேரம் வாரந்தோறும் கிடைப்பது பெரிய விஷயம். இந்த இயக்கத்தின் உயிர் பெரிய மாநாடுகளைவிட இத்தகைய சிறு கூட்டங்களில்தான் அதிகம் துடிக்கிறது.

2021 பிப்ரவரி 6, 7இல் ஃபாஸ்டெம் முதன்முறையாக இணையத்தில் நடந்தது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த உரையாடல் நெறிமுறையின் மேல் ஜிட்சியைப் பொருத்தி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அறை கட்டினார்கள். உரைகள் முன்பே பதிவுசெய்யப்பட்டவை, கேள்வி நேரம் மட்டும் நேரலை. நேரம் முடிந்து ஒளிபரப்பு அடுத்த உரைக்கு நகர்ந்ததும், முடிந்த உரையின் காணொளி அறை பொதுமக்களுக்குத் திறக்கும். விருப்பமுள்ளவர்கள் உள்ளே போய்ப் பேச்சாளரோடு பேச்சைத் தொடரலாம். மேடையிலிருந்து இறங்கியவரைத் தாழ்வாரத்தில் மடக்கிப் பேசும் வழக்கத்தை இணையத்தில் கொண்டுவர எடுத்த முயற்சிகளில் இதுவே சிறந்தது எனலாம்.

அதே ஆண்டு மே மாதம் சாவடியே ஆட்டம் கண்டது. ஃப்ரீநோட் வலையமைப்பின் உரிமை யாரிடம் என்பதில் வெடித்த மோதலில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூண்டோடு விலகி, மே 19 அன்று லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். புதிய இடத்தின் பெயரைத் தலைப்பில் குறிப்பிட்ட எழுநூறுக்கும் மேற்பட்ட சேனல்களைப் பழைய வலையமைப்பின் நிர்வாகம் கைப்பற்றியது. பல ஆண்டுகள் கூடிப் பேசிய இடத்தைச் சமூகங்கள் ஒரே நாளில் இழந்தன. ஆனால் ஐ.ஆர்.சி. யாருடைய சொத்தும் அல்லாத நெறிமுறை. அதே செயலியில் முகவரியை மாற்றினால் போதும். உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா என ஒவ்வொரு சமூகமாகப் பெயர்ந்தது. புதிய அமைப்பு சுவீடனில் லாபநோக்கற்ற சங்கமாகப் பதிவாகியிருக்கிறது. டெபியனுக்கு இந்தக் கலவரம் அவ்வளவாக உறைக்கவில்லை. 2006லேயே அது தன் சேனல்களை வேறொரு வலையமைப்புக்கு நகர்த்தியிருந்தது.

2022 ஜூலையில் கொசோவோவின் பிரிஸ்ரென் நகரில் டெபியன்காரர்கள் மீண்டும் நேரில் கூடினார்கள். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் ஒரு சிறு டெபியன் மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் மலையாள அரங்கு கூடிய அதே மாநாடு, மலையாள மண்ணுக்கே வந்து சேர்ந்தது. சாவிக் கையொப்பமும் பாலாடைக்கட்டியும் திரும்பின. ஆனால் 2023 பிப்ரவரியில் ஃபாஸ்டெம் பிரஸ்ஸல்ஸ் வளாகத்துக்குத் திரும்பியபோது மேட்ரிக்ஸ் அறைகளை மூடவில்லை. உரைகள் நேரலையில் ஓடின, வர முடியாதவர்கள் அந்த அறைகளில் இருந்தபடி கேள்வி அனுப்பினார்கள்.