‘ஏன் தூக்கு இல்லை?’ என்பதிலிருந்து ‘ஏன் தூக்கு?’ வரை

சட்டத்தில் ‘தணிப்பு’ என்றால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். “கருணை மனுதானே?” என்று அவரே முடித்தும் வைத்தார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனால் இரண்டும் வேறு. கருணை மனு ஜனாதிபதிக்கோ ஆளுநருக்கோ போவது. தணிப்பு நீதிமன்றத்துக்குள்ளேயே நடப்பது. குற்றம் நிரூபணமான பிறகு, எவ்வளவு தண்டனை என்ற இடத்தில்தான் அது வரும். ‘நான் செய்யவில்லை’ என்பது எதிர்வாதம். ‘செய்தவன் யார், எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்பதையும் பாருங்கள்’ என்பது தணிப்பு.

நம் நாட்டில் இதன் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367(5) பிரிவுப்படி, கொலை வழக்கில் தூக்கு விதிக்காத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். அதாவது தூக்கே வழக்கம். உயிரோடு விடுவதற்குத்தான் விளக்கம். 1955 திருத்தம் அந்த வரியை நீக்கியது. 1973 சட்டம் அதைத் திருப்பியே போட்டது: 354(3) பிரிவின்படி, தூக்கு விதித்தால் ‘சிறப்புக் காரணங்கள்’ சொல்ல வேண்டும். 235(2) பிரிவு, தண்டனை பற்றிக் குற்றவாளியின் பேச்சைத் தனியாகக் கேட்கச் சொன்னது.

1980 பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தூக்குத் தண்டனை செல்லும் என்றார்கள். பகவதி மட்டும் மறுத்தார். ஆனால் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பே வயது, மனநிலைப் பாதிப்பு, பிறர் கட்டாயம், திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைத் தணிப்புக் காரணங்களாக ஏற்றது. திருந்த மாட்டார் என்பதை அரசுதான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஏட்டில் எல்லாம் சரி. நடைமுறையில்? தீர்ப்பு சொன்ன அன்றே தண்டனையும் அறிவிக்கப்படுவது உண்டு. “சின்ன வயசு, வீட்டுல வயசான அம்மா இருக்காங்க” என்று வக்கீல் இரண்டு வரி சொன்னால் தணிப்பு வாதம் முடிந்தது. ஒரு ஆளின் குழந்தைப் பருவமும் வறுமையும் மனநோயும் அந்த இரண்டு வரியில் எங்கே அடங்கும்? மனோஜ் வழக்கில் 2022-இல்தான் உச்ச நீதிமன்றம், குற்றவாளியின் பின்னணி, மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை எல்லாவற்றையும் விசாரணைக் கட்டத்திலேயே திரட்டச் சொன்னது.

சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டு ஐம்பது வருஷம் ஆச்சு. பதிலைத் தேடிப் போக ஆளும் நேரமும் தராவிட்டால், பழைய 367(5) வேறு பெயரில் உயிரோடு இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.